தலைமைப் பொறுப்புக்கான கோப்பு: பொருளறிவியல், பொறியியல் துறைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

உலோகவியல் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய பின்னர்க் குழுத் தலைவர் பதவிக்கு நான் முதன்முறையாக விண்ணப்பித்தபோது, என் கோப்பில் மூன்று பக்கங்களே இருந்தன. மறுப்புக் கடிதம் ஒரே ஒரு காரணத்தைக் கூறியது: நான் தனித்துப் பொறுப்பேற்று முடித்த பணி எதுவும் ஆவணங்களில் தென்படவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு தேர்வாளரின் இடத்தில் என்னை இருத்திக்கொண்டு அந்தக் கோப்பை மீண்டும் படித்தேன். அவர்கள் எழுதியது சரியாகவே இருந்தது. நான் நிறுவி இயக்கிக் காட்டிய வெற்றிட உலை ‘நிறுவல் குழு’வின் பெயரில் இருந்தது. நான் எழுதிய முறிவு ஆய்வறிக்கைகளில் துறைத் தலைவரின் கையொப்பம் மட்டுமே இருந்தது. ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் என் பெயரே இடம்பெறவில்லை. பத்தொன்பது மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பித்து அந்தப் பொறுப்பைப் பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் என் வேலையின் தரம் பெரிதாக உயர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அது பதிவான விதம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பத்தொன்பது மாதங்களை நீங்கள் பன்னிரண்டாகச் சுருக்கிக்கொள்ள முடியும். ஆறு மாதங்களுக்கும் குறைவான அவகாசமே இருக்கிறதென்றால் 2, 3, 8 ஆகிய படிகளை மட்டும் செய்து முடியுங்கள். மற்றவற்றை அரைகுறையாகத் தொடுவதைவிட அது மேல். பல்கலைக்கழக ஆய்வகமானாலும் தொழிற்சாலையின் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவானாலும் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

1. எந்த ஏணி என்று முதலில் முடிவு செய்யுங்கள் (விண்ணப்பிப்பதற்கு 12 மாதங்களுக்கு முன்)

பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் மேலேறுவதற்கு இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று ஆட்களையும் நிதியையும் நிர்வகிக்கும் ஏணி; மற்றொன்று, யாரையும் நிர்வகிக்காமல் தொழில்நுட்ப முடிவுகளுக்குப் பொறுப்பேற்கும் முதுநிலை வல்லுநர் ஏணி. இரண்டுக்கும் தேவைப்படும் சான்றுகள் வேறு வேறு. எனவே ஒவ்வொரு படிநிலைக்குமான தகுதி வரையறையை மனிதவளப் பிரிவிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் விளக்கத்தை நம்பி ஓராண்டை முதலீடு செய்யாதீர்கள்.

இங்கே காத்திருக்கும் பொறி, அழகான பெயர் கொண்ட வெற்றுப் பதவி. ‘ஒருங்கிணைப்பாளர்’, ‘பொறுப்பு அலுவலர்’ போன்ற பெயர்களில் ஒரு வாய்ப்பு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் எனக்கு உண்டா? ஆள் எடுப்பதில் என் முடிவு செல்லுமா? வெளியே போகும் அறிக்கையில் நான் கையொப்பமிடலாமா? மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தால், அது கூடுதல் வேலை. தலைமைப் பொறுப்பு என்று அதைத் தேர்வுக்குழு கணக்கில் கொள்ளாது.

2. பெயரை ஒன்றாக்குங்கள் (11 மாதங்களுக்கு முன்)

திருமணம், மணமுறிவு, முதலெழுத்தை எழுதும் முறையில் ஏற்படும் மாற்றம் எனப் பல காரணங்களால் ஒரே பெண்ணின் ஆய்வுகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேர்வுக்குழு உறுப்பினர் ஒருவர் உங்கள் பெயரைத் தேடும்போது முதல் ஐந்து ஆண்டுகளின் கட்டுரைகள் கண்ணில் படாமல் போனால், அவர் மேலும் தேடிக்கொண்டிருக்கப் போவதில்லை.

இதற்கு எளிய தீர்வு ‘ஆர்கிட்’ என்னும் ஆய்வாளர் அடையாள எண். இது 16 இலக்கங்கள் கொண்டது. 2012 முதல் வழங்கப்படுகிறது. ஆய்வாளர்களுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும், பழைய கட்டுரைகளைத் தேடி இணைக்க இரண்டு மாலைப் பொழுதுகள் தேவைப்படும். பழைய பெயர்கள் அனைத்தையும் ‘மாற்றுப் பெயர்கள்’ பகுதியில் சேர்த்துவிடுங்கள். பதிவின்போது அலுவலக மின்னஞ்சலை மட்டும் கொடுக்க வேண்டாம். நிறுவனத்தைவிட்டு விலகிய மறுநாள் அந்த முகவரி மூடப்படும், உங்கள் பதிவுக்குள் நீங்களே நுழைய முடியாத நிலை வரும். தனிப்பட்ட மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்தே பதியுங்கள்.

அச்சான கட்டுரையிலேயே பெயரை மாற்ற விரும்பினால், பெரிய பதிப்பகங்கள் பலவும் இப்போது அதற்கு வழி செய்துள்ளன. 2021-ல் அமெரிக்காவின் 17 தேசிய ஆய்வகங்களும் பல பதிப்பகங்களும் இணைந்து இந்த நடைமுறையை எளிதாக்கின. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் தனியாக எழுத வேண்டும், பதிலுக்கு வாரங்கள் ஆகலாம் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்பதைக் காட்டும் சட்டபூர்வ ஆவணத்தின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் நான்கைந்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். என் நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் இந்த நகலுக்காக அலைந்ததை நினைத்தால் இன்றும் அலுப்பாக இருக்கிறது.

3. பணிப் பதிவேடு தொடங்குங்கள் (11 மாதங்களுக்கு முன், அதன்பின் வாரந்தோறும்)

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருபது நிமிடங்கள் ஒதுக்கி, அந்த வாரம் நடந்தவற்றை ஐந்து கட்டங்களில் எழுதுங்கள்: என்ன சிக்கல், நான் எடுத்த முடிவு என்ன, என்ன விளைந்தது, அதை எந்த எண்ணால் காட்டலாம், சான்று எங்கே இருக்கிறது. இரண்டாம் கட்டம்தான் உயிர்நாடி. தேர்வுக்குழு உங்கள் உழைப்பின் அளவைவிட உங்கள் தீர்மானங்களையே தேடுகிறது.

என் பழைய கோப்பில் ‘கடினத்தன்மைச் சிக்கலில் வெப்பப் பதப்படுத்தல் குழுவுக்கு உதவினேன்’ என்று ஒரு வரி இருந்தது. உண்மையில் நடந்தது வேறு. சூட்டோடு அமிழ்த்திக் குளிர்விக்கும் எண்ணெயின் வெப்பநிலை, ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு உயர்ந்துகொண்டே போனதால்தான் எஃகு உதிரிபாகங்களின் கடினத்தன்மை ஏறி இறங்கியது என்று கண்டறிந்தவள் நான். எண்ணெயின் சுழற்சி வேகத்தைக் கூட்டி, உலையில் அடுக்கும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று உற்பத்திப் பிரிவின் எதிர்ப்பை மீறி வலியுறுத்தியவளும் நான். அதன்பின், தரமற்றவை என ஒதுக்கப்பட்ட உதிரிபாகங்கள் நூற்றுக்கு ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டாம் கோப்பில் இந்தச் செய்தியைத்தான் எழுதினேன். அதே வேலை, ஆனால் ‘உதவினேன்’ என்ற ஒரு சொல் அதை முழுவதுமாக விழுங்கியிருந்தது. உங்கள் தன்விவரக் குறிப்பில் ‘உதவினேன்’, ‘பங்கேற்றேன்’, ‘துணை நின்றேன்’ என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பதிவேடு உங்கள் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டுமென்றால் அதில் நிறுவனத்தின் இரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. உலோகக் கலவையின் விகிதம், உலையின் வெப்பநிலைக் கால அட்டவணை, வாடிக்கையாளரின் பெயர் ஆகியவற்றை எழுதாதீர்கள். ‘முதல் கலவை’, ‘வானூர்தித் துறை வாடிக்கையாளர்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, முழு விவரத்துக்கு அலுவலகக் கோப்பின் எண்ணை மட்டும் குறியுங்கள். இரண்டாவது, ஆய்வகக் குறிப்பேட்டைப் பற்றியது. பதிவேடு அதற்கு மாற்றாகாது. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் உங்கள் கையொப்பமும், முக்கியமான பக்கங்களில் அந்த வேலையில் தொடர்பில்லாத ஒருவரின் சாட்சிக் கையொப்பமும் இருக்கட்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுத்தவரை, பல இதழ்கள் இப்போது ‘கிரெடிட்’ என்னும் பங்களிப்பு வகைப்பாட்டைக் கேட்கின்றன. கருத்துருவாக்கம், ஆய்வுமுறை, தரவுப் பகுப்பாய்வு, மேற்பார்வை, நிதி திரட்டல் என 14 பங்குகள் அதில் உள்ளன. யார் எந்தப் பங்கு என்பதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுரை அனுப்பும் நாளில் அவசரமாக நிரப்பப்படும் படிவத்தில், நுண்ணோக்கியின் முன் அமர்ந்து படமெடுத்தவருக்கு ‘ஆய்வுப் பணி’ மட்டும் எஞ்சுவதும், ‘கருத்துருவாக்கம்’ அறையில் இல்லாத ஒருவருக்குப் போவதும் நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டது.

4. காப்புரிமைகளைச் சரிபாருங்கள் (10 மாதங்களுக்கு முன்)

காப்புரிமையில் உரிமையாளர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போய்விடும். கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் மட்டும் உங்களுடையது. கண்டுபிடிப்பின் கருத்தை உருவாக்கியவரே கண்டுபிடிப்பாளர். பிறர் சொன்னபடி மாதிரியைத் தயாரித்தவரோ சோதித்தவரோ அல்லர். ஆகவே ‘நான்தான் எல்லாச் சோதனைகளையும் செய்தேன்’ என்ற வாதம் செல்லாது. ‘இந்தப் பூச்சில் இந்த இடைப்படலம் வேண்டும் என்ற யோசனை என்னுடையது, இதோ தேதியிட்ட குறிப்பேட்டுப் பக்கம்’ என்பது செல்லும். குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழைக்கு வழிவகுத்த திரவப் படிகக் கரைசலை 1965-ல் கண்டறிந்த வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக்கின் பெயரே அதற்கான காப்புரிமையில் கண்டுபிடிப்பாளராக நிற்கிறது. அந்த ஒரு வரியை யாராலும் அழிக்க முடியாது.

பெயர் விடுபட்டிருந்தால் திருத்த முடியும். ஆனால் காலம் கடக்கக் கடக்கக் கையொப்பங்களும் வழக்கறிஞர் செலவும் கூடிக்கொண்டே போகும். எனவே கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு வரும்போதே பேசிவிடுங்கள். இன்னொரு காலக்கணக்கையும் மனத்தில் கொள்ளுங்கள்: காப்புரிமை விண்ணப்பம் பொதுவாக முதல் தாக்கல் தேதியிலிருந்து 18 மாதங்கள் கழித்தே வெளியாகும். அதுவரை அதன் உள்ளடக்கத்தைத் தன்விவரக் குறிப்பில் எழுதக் கூடாது.

5. பெயரில்லாப் பணிகளுக்கு விலை குறியுங்கள் (9 மாதங்களுக்கு முன்)

வேதிப்பொருள் இருப்புக் கணக்கு, கருவி முன்பதிவு அட்டவணை, புதியவர்களுக்குப் பயிற்சி, கூட்டக் குறிப்பு, விருந்தினர்களுக்கு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுதல். ஆய்வகம் ஓடுவதற்கு இவை தேவை. பதவி உயர்வுக் கோப்பில் இவற்றுக்கு மதிப்பில்லை. யாராவது செய்யுங்கள் என்று கேட்கப்படும்போது கை தூக்குவது பெரும்பாலும் நாம்தான். ஒரு மாதம் இவற்றுக்கு ஆகும் மணிநேரத்தைக் குறித்து வாருங்கள். எனக்கு வாரத்துக்கு ஒன்பது மணிநேரம் வந்தது.

ஒவ்வொரு பணிக்கும் மூன்று வழிகளே உண்டு: சுழற்சி முறையில் பிரித்துக் கொடுப்பது, விட்டுவிடுவது, அல்லது அதிகாரமுள்ள பொறுப்பாக மாற்றிக்கொள்வது. மூன்றாவது வழிக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி நல்ல எடுத்துக்காட்டு. அதைப் பராமரிப்பவர் என்ற நிலையில் நீங்கள் இருந்தால், ‘பராமரிக்கிறேன்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு அதன் கணக்கைக் கையில் எடுங்கள். ஆண்டுக்கு எத்தனை மணிநேரம் இயங்கியது, எத்தனை மணிநேரம் பழுதாகிக் கிடந்தது, டங்ஸ்டன் இழை எத்தனை முறை மாற்றப்பட்டது என்று பட்டியலிடுங்கள். அந்த இழை நூறு மணிநேரம் அளவில் எரிந்துபோகும் பொருள் என்பதைச் செலவுக்கு ஒப்புதல் தருபவர் அறிந்திருக்க மாட்டார். உற்பத்தியாளரின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், கருவி வாங்கிய விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரை போகும். வெளிக்குழுக்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் விதித்தால் அதில் எவ்வளவை ஈடுகட்டலாம் என்று ஒரு பக்கத் திட்டத்தை எழுதி, ‘கருவி மையப் பொறுப்பாளர்’ என்ற பெயரையும் அந்த நிதியின் கட்டுப்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு நிதிக் கணக்கை இரண்டு ஆண்டுகள் நடத்திக் காட்டியவரிடம் ‘நிர்வாக அனுபவம் உண்டா’ என்று யாரும் கேட்பதில்லை.

6. நிறுவனத்துக்கு வெளியே ஒரு பொறுப்பு (9 மாதங்களுக்கு முன்)

மாநாட்டில் உரையாற்றுவது நல்லது. ஆனால் பயணம், தங்கல், பதிவுக் கட்டணம் எனச் செலவு அதிகம், சான்றாக மிஞ்சுவது ஒரு வரி. அதைவிடத் தரநிலைக் குழுக்களில் சேர்வதை நான் பரிந்துரைப்பேன். பொருட்களுக்கும் சோதனை முறைகளுக்கும் தரநிலை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பில் இயந்திரவியல் சோதனைக்கு ஈ28, முறிவு ஆய்வுக்கு ஈ08, உலோக நுண்ணமைப்புக்கு ஈ04 எனக் குழுக்கள் உள்ளன. தனிநபரும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேரலாம். அங்கே ஒரு வரைவின் மீது வரும் எதிர்வாக்கு ஒவ்வொன்றையும் குழு பரிசீலித்தே ஆக வேண்டும். உங்களைவிட முப்பது ஆண்டு மூத்தவரின் எதிர்வாக்குக்குத் தரவுடன் பதில் எழுதி, உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் பயிற்சியை வேறெங்கும் இவ்வளவு மலிவாகப் பெற முடியாது. பணிக்குழு ஒன்றுக்குத் தலைமையேற்க ஆள் கேட்கும்போது, இந்த ஒரு முறை தயங்காமல் கை தூக்குங்கள்.

தொழில்முறைச் சங்கங்களின் உயர்நிலை உறுப்பினர் தகுதியையும் பாருங்கள். மின்னணுப் பொருட்களில் பணியாற்றுபவர்களுக்கு மின், மின்னணுப் பொறியாளர்களின் ஐ-டிரிபிள்-ஈ சங்கத்தின் முதுநிலை உறுப்பினர் நிலை உகந்தது. பத்தாண்டுத் தொழில் அனுபவம், அதில் ஐந்தாண்டு குறிப்பிடத்தக்க பணி, மூன்று பரிந்துரைகள் ஆகியவை தேவை. பட்டப்படிப்புக்கு மூன்று, முதுநிலைக்கு நான்கு, முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் என அந்தப் பத்தில் கழித்துக்கொள்வார்கள் என்பதால், பலர் தாங்கள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதை அறியாமலேயே இருக்கிறார்கள். இதற்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கடுத்த ஃபெல்லோ நிலைக்கு வேறொருவர் முன்மொழிய வேண்டும்.

7. மகப்பேறும் பணி இடைவெளியும்

இதற்குக் காலம் குறிக்க இயலாது. ஆனால் ஆவணங்கள் மற்றெல்லாப் படிகளையும்விட இங்கேதான் முக்கியம்.

முதலில் பாதுகாப்பு. ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும். அதன் இரண்டாம் பிரிவில் எச்360 அல்லது எச்361 என்ற குறியீடு இருந்தால் அப்பொருள் கருவளத்தையோ கருவையோ பாதிக்கும், அல்லது பாதிக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. எச்362 இருந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்கு நேரலாம். மின்கல மின்வாய்க் குழம்பு தயாரிக்கப் பயன்படும் என்-மெத்தில்பைரோலிடோன், சூரிய மின்கலங்களில் வரும் பெரோவ்ஸ்கைட் படலங்களுக்கான டைமெத்தில்ஃபார்மமைடும் ஈயச் சேர்மங்களும், கரைசல்-கூழ் முறையில் வரும் 2-மீத்தாக்சிஎத்தனால், ஏன், சாதுவானது என்று எல்லோரும் கருதும் போரிக் அமிலம்கூட இந்த வரிசையில் வரும். கருவுறும் முன்பே இந்தப் பட்டியலைத் தயாரித்துக்கொள்வது உத்தமம். உங்கள் குழுவில் இன்னொரு பெண் கேட்காமலேயே பயன்படுத்திக்கொள்ளும்படி அதைப் பொதுக் கோப்பில் வைத்துவிடுங்கள். ஏன் கேட்கிறாய் என்ற கேள்வியே எழாமல் போகும்.

எக்ஸ்-கதிர்க் கருவிகளிலோ துகள்முடுக்கி மையங்களிலோ பணியாற்றுபவர்கள் ஒரு நுணுக்கத்தை அறிய வேண்டும். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, கருவுற்றதை அறிவித்த பின் எஞ்சிய காலத்தில் கரு பெறும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. அதாவது இந்தப் பாதுகாப்பு வரம்பு நீங்கள் அறிவித்த நாளிலிருந்தே செயல்படத் தொடங்குகிறது. வாய்மொழியாகச் சொன்ன தேதியை எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். ‘எதற்கும் நீங்கள் ஆய்வகத்துக்கே வர வேண்டாம்’ என்று அக்கறையாகச் சொல்லி, உங்களை எழுத்து வேலைக்கு மாற்றுவது பொதுவாக நடப்பது. எந்தக் கருவி, எந்தப் பொருள், எந்தத் தேதி வரை என்று வரையறுக்கப்பட்ட கட்டுப்பாட்டைக் கேளுங்கள். திட்டத்தின் பொறுப்பு உங்களிடமே தொடர்கிறது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

விடுப்பில் செல்லும் முன் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை எழுதுங்கள். எந்த மாதிரிகள் எந்த நிலையில் உள்ளன, தரவு எங்கே இருக்கிறது, தொடரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் ஆசிரியர் யார் என்பதைக் குறிப்பிட்டுத் தொடர்புடைய அனைவரின் ஒப்புதலையும் மின்னஞ்சலில் பெறுங்கள். நீங்கள் ஓராண்டு உழைத்துத் தயாரித்த மாதிரிகளை, விடுப்பில் இருக்கும் மூன்று மாதங்களில் ஒருவர் அளந்து முடித்து முதல் ஆசிரியராகிவிடுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. எழுதி வைக்காததால் நடக்கிறது.

திரும்பி வந்த பின், இடைவெளியைத் தன்விவரக் குறிப்பில் மறைக்காதீர்கள். தொடக்க மாதம், முடிவு மாதம், காரணம் என ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். விளக்கமும் மன்னிப்பும் தேவையில்லை. நிதி வழங்கும் அமைப்புகள் பலவும், விண்ணப்பிப்பதற்கான தகுதிக்காலத்தை இத்தகைய இடைவெளிக்காக நீட்டிக்கின்றன. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மாருக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதங்கள் என்று கணக்கிடுகிறது. அதற்குப் பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். நீட்டிப்பு தானாகக் கிடைக்காது, படிவத்தில் அதற்கான கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். விடுப்பு ஆணை, மீண்டும் பணியில் சேர்ந்த கடிதம், பிறப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் மின்வருடி எடுத்து ஒரே இடத்தில் வைத்திருங்கள்.

8. பரிந்துரைக் கடிதங்கள் (4 மாதங்களுக்கு முன்)

அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வு, பெண்களுக்கான கடிதங்கள் ஆண்களுடையவற்றைவிடச் சுருக்கமாக இருந்ததையும், கடும் உழைப்பைப் புகழும் சொற்கள் அவற்றில் கூடுதலாக இருந்ததையும் எடுத்துக்காட்டியது. துறை வேறானாலும், என் பழைய கோப்பிலிருந்த கடிதத்தில் ‘மிகுந்த பொறுமைசாலி, எப்போதும் உதவத் தயாரானவர்’ என்று இருந்ததைப் படித்தபோது எனக்கு அந்த ஆய்வு புரிந்தது. எழுதியவர் என் மீது அன்பு கொண்டவர்தான். அவரிடம் எழுதுவதற்கு வேறு செய்தி இல்லை, நான் கொடுக்கவில்லை.

எனவே கடிதம் கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பதவியின் தகுதி வரையறை, அதற்கு நேராகப் பதிவேட்டிலிருந்து எடுத்த நான்கு பணிகள், அவற்றில் கடிதம் எழுதுபவர் நேரில் கண்டவை எவை என்ற குறிப்பு ஆகியவை போதும். பெரும்பாலோர் இதற்கு நன்றி சொல்வார்கள். மூவரில் ஒருவராவது நிறுவனத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். ஆறாம் படியில் சொன்ன தரநிலைக் குழு அங்கே கைகொடுக்கும். ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள், இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முறை நினைவூட்டுங்கள். கேட்டவுடன் தயங்குபவரை வற்புறுத்த வேண்டாம். அரைமனதாக எழுதப்பட்ட கடிதம், கடிதமே இல்லாததைவிடக் கேடு.

9. விண்ணப்பமும் நேர்காணலும் (2 மாதங்களுக்கு முன்)

முந்தைய படிகளைச் செய்திருந்தால் இது தொகுக்கும் வேலை மட்டுமே. தன்விவரக் குறிப்பு, தகுதி வரையறைக்கு வரிசையாகப் பதில் தரும் இரண்டு பக்கம், அடுத்த மூன்றாண்டுக்கான திட்டம் ஒன்று. திட்டத்தில் நிதி எங்கிருந்து வரும் என்பதை எழுதாமல் விடாதீர்கள். என்னிடம் முதலில் கேட்கப்பட்டது அதுதான். தகுதிகளில் ஒன்றிரண்டு உங்களிடம் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். ‘கட்டாயம்’ என்று குறித்தவை இருந்தால் விண்ணப்பியுங்கள்.

நேர்காணலில் ‘நாங்கள்’ என்று பேசும் பழக்கம் எனக்கு இருந்தது. நண்பர் ஒருவரை எதிரில் அமர்த்திப் பழகும்போது, ‘யார் அந்த நாங்கள்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொன்னேன். மூன்று மாலைகளில் அந்தப் பழக்கம் போய்விட்டது.

10. நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும் முன்

வாழ்த்துச் சொல்லும் தொலைபேசி அழைப்புக்கும் கையொப்பத்துக்கும் இடைப்பட்ட சில நாட்களே உங்கள் பேரம் செல்லுபடியாகும் காலம். ஊதியம் குறித்து எல்லோரும் பேசுவார்கள். பொருளறிவியல் குழுவுக்கு அதே அளவு முக்கியமான வேறு சில உண்டு. ஆய்வக இடம் எத்தனை சதுர மீட்டர், நச்சுப்புகையை வெளியேற்றும் பெட்டகங்கள் எத்தனை, நுண்ணோக்கியில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உறுதி, உலைகளின் மின்செலவும் மந்த வாயுக்களின் செலவும் யார் கணக்கில், தொழில்நுட்ப உதவியாளர் முழுநேரமா பகிர்வா, பழைய கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது காலாவதியாகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறினேன். பொறுப்பேற்ற நான்காவது மாதம் படிக அமைப்பை ஆராயும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியின் குழாய் பழுதானபோது ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருந்தது, முதலாண்டு நிதியில் பெரும்பகுதி அதற்கே போனது. ‘அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் வந்தால், அன்று மாலையே ‘நாம் பேசியதை நான் புரிந்துகொண்டது இது’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பாதுகாப்பு உடைகளையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கையுறை, முகக்கவசம், உலை முன் அணியும் மேலங்கி ஆகியவை உங்கள் குழுவினர் ஒவ்வொருவரின் அளவிலும் இருக்க வேண்டும். பெரிய கையுறைக்குள் நழுவும் விரல்களோடு அமிலத்தைக் கையாள்வது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருத்தச் சோதனை நடத்த வேண்டும்.

11. மறுக்கப்பட்டால்

ஒரு வாரத்துக்குள் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘எந்தத் தகுதி வரையறைக்குச் சான்று போதவில்லை, எத்தகைய சான்று போதுமானதாக இருந்திருக்கும்’ என்ற இரண்டு கேள்விகள் மட்டும் போதும். பொதுவாக ‘என்னிடம் என்ன குறை’ என்று கேட்டால், குணத்தைப் பற்றிய பதிலே வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் அதன் கெடு பெரும்பாலும் வாரக்கணக்கில்தான் இருக்கும், விதிமுறையில் தேதியைப் பாருங்கள். கோப்பைக் கலைக்காமல் அப்படியே வைத்து, வந்த பதிலைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்கான இருபது நிமிடங்களை எழுதத் தொடங்குங்கள்.